லலிதா ஆன்ட்டியின் ‘பதினைந்துக்கு மேல்’ பக்கம்

சித்திரகுப்தனுக்குத் தன் ஏட்டில் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பான்? லலிதா ஆன்ட்டியைத்தான். ஒருமுறை கேட்டும் இருக்கிறான். "லைன்ல இருங்க சார், செக் பண்ணிச் சொல்றேன்" என்று அவனைக் கால் மணி நேரம் காத்திருக்க வைத்தவர் அவர். விண்வெளியில் தொலைந்துபோன செயற்கைக்கோள்களையெல்லாம் ஒரு பட்டியலாக எழுதி அவர் கையில் கொடுத்தால், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒவ்வொன்றையும் பேச வைத்துவிடுவார். மொகஞ்சதாரோக்காரர்கள் எங்கே போனார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாமல் இருப்பதற்கு ஒரே காரணம், போகிற அவசரத்தில் அவர்கள் மாற்று எண் எழுதிக் கொடுக்காமல் போனதுதான்.

இத்தனை பிரதாபம் உள்ளவருக்கு ஆஸ்பத்திரி ஒதுக்கியிருக்கும் அரண்மனை, குழந்தைகள் புற்றுநோய் வார்டின் கோடியில், லிஃப்டுக்கும் சக்கர நாற்காலிகளை மடக்கிச் சாத்தும் மூலைக்கும் நடுவே இருக்கும் ஓர் அறை. ஜன்னல் உண்டு. திறந்தால் ஏசி மெஷினின் முதுகு தெரியும். உள்ளே ஒரு மேசை, அடிக்கடி தூங்கிப்போகும் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஃபோன், பதினைந்து வயதுக்குக் கீழ், மேல் என்று பக்கம் பிரித்த, தலையணை கனத்தில் ஒரு ரிஜிஸ்டர். வேலை என்னவென்றால், சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன பிள்ளைகளைக் கூப்பிட்டு அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரிப்பது. இதை நாசூக்காகக் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்களாம். தெலுங்கும் உருதுவும் பேசுகிற அந்த ஊரில் தமிழ்க் குடும்பமாக இருந்தால் அவர் கேட்பது இப்படி: "என்னம்மா, பையன் இருக்கானா, நல்லா இருக்கானா, வெளில போயிருக்கானா?" மூன்றும் ஒரே மூச்சில் வரும். எந்தப் பதிலாக இருந்தாலும் சொல்கிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கிளை இருக்கும்.

அவர் கண்டுபிடிக்காத ஆள் இல்லை. வீடு மாறி, ஊர் மாறி, மூன்று நம்பர் மாற்றி சூரத்துக்குப் போய்விட்ட ஒரு நல்கொண்டா குடும்பத்தை, அவர்கள் பழைய தெருவின் ரீசார்ஜ் கடைக்காரர் வழியாகப் பிடித்தார். ஒரு பையனைக் கூப்பிட்டபோது அவன் மணமேடையில் உட்கார்ந்திருந்தான். புரோகிதர் கத்தக் கத்த, "நல்லா இருக்கேன் மேடம், தாலி கட்டிட்டுக் கூப்பிடறேன்" என்றான். ரிஜிஸ்டரில் அன்றைய தேதியோடு ‘நலம், கல்யாணம், காலை 9.40’ என்று இருக்கிறது.

இப்படிப்பட்டவருக்கு இரண்டு மாதமாக டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்த ஒரே ஜீவன் ஹர்ஷிதா. இருப்பிடம் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸ். வயது பதினாறு அல்லது பதினேழு; கேட்பது யார் என்பதைப் பொறுத்தது.

அவளுக்கு வந்தது ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா. யாரோ ஒரு வெள்ளைக்கார டாக்டர் அடுத்தவர் கழுத்தில் வரும் கட்டிக்குத் தன் பெயரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 2023 மார்ச்சில் அது ஹர்ஷிதாவின் இடது கழுத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு வந்து உட்கார்ந்தது. ஆறு மாதம் மருந்து ஏறியது. முடி போனது, புருவம் போனது, ஒன்பதாம் வகுப்பும் போனது. முடியும் புருவமும் திரும்பி வந்தன. ஒன்பதாம் வகுப்பு வரவில்லை. இப்போது ஓப்பன் ஸ்கூலில் பத்தாவது எழுதப்போவதாக வீட்டில் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

வயது விவகாரம் அதற்கும் முந்தையது. அவள் அப்பா கிருஷ்ணமூர்த்தி ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பாகத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறவர். ஆனால் மகள் எட்டு வயதில் பேட்மிண்டன் ராக்கெட்டைப் பிடித்ததும், அவள் பிறந்த தேதியில் மட்டும் ஒன்றரை வருடம் சலுகை கொடுத்துவிட்டார். தாமதப் பதிவு என்று ஒரு சர்டிஃபிகேட் வாங்கினார். 2008 தை மாதத்தில் பிறந்தவள், காகிதத்தில் 2009 ஜூலையில் பிறந்தாள். பதிமூன்று வயதுக்கு உட்பட்டோர் போட்டியில் கூடுதலாக ஒன்றரை வருடம் ஆடலாம் என்பது திட்டம். தன் தோள்வரை கூட எட்டாத பெண்களோடு ஹர்ஷிதா வெட்கமில்லாமல் ஆடினாள். கிடைத்தது ஒரே ஒரு கோப்பை, அதுவும் மூன்றாம் பரிசு.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அப்பா நீட்டியது அந்தச் சர்டிஃபிகேட்டைத்தான். அதன்படி அவளுக்குப் பதிமூன்று முடிந்து எட்டு மாதம். நிஜத்தில் பதினைந்து தாண்டி இரண்டு மாதம்.

இதில் என்ன குடி முழுகிப்போகிறது என்று அவளும்தான் நினைத்திருந்தாள். மருந்து ஏற்றிய காலத்தில் ஒரு நாள் காரிடாரில் டாக்டர் பத்ரி தன் மாணவர்களுக்கு இங்கிலீஷில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இந்த நோயில் பதினைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்கள் மிக நன்றாகத் தேறிவிடுகிறார்கள், அதற்கு மேல் இருப்பவர்களும் பெரும்பாலும் தேறிவிடுகிறார்கள், ஆனால் நம் பட்டியலில் அவர்கள் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கிறார்கள் என்றார். ‘பெரும்பாலும் தேறிவிடுகிறார்கள்’ என்ற பகுதி அங்கேயே தரையில் விழுந்துவிட்டது. ‘பின்தங்கி’ மட்டும் ஹர்ஷிதாவோடு வீட்டுக்கு வந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு சித்தாந்தம். நோய் வந்தது, சர்டிஃபிகேட்டைப் பார்த்தது, ‘ஐயோ, பதிமூன்று வயதுக் குழந்தை’ என்று பரிதாபப்பட்டுப் போய்விட்டது. ஏமாந்தது தெரிந்தால் திரும்பி வரும். ஆகவே தெரியக்கூடாது. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளுக்கே தெரியும். அதனால் சொல்லவில்லை.

2025 செப்டம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் ஃபோனுக்குத் தகவல் வந்தது. சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது, ஸ்கேன் எடுக்க வேண்டும். கூடவே டாக்டர் பத்ரி ஓர் ஆய்வு செய்வதால் எல்லாருடைய வயதையும் சரிபார்க்கிறார்கள். பிறந்த தேதிக்கான அசல் சான்றும், இருந்தால் ஜாதகமும் கொண்டு வரவும். ஜாதகம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் ஹர்ஷிதா ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். பூஜை அலமாரியில், மஞ்சள் தடவிய நோட்டில், சர்வஜித் வருஷம் தை மாசம் என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறது.

ஸ்கேனுக்குப் போகாவிட்டால் வயது மாறாது, வயது மாறாவிட்டால் கட்டி வராது என்று அவள் முடிவு கட்டினாள். வீட்டில், "ஸ்கேனை ஜனவரிக்குத் தள்ளிட்டாங்க" என்றாள். தொடர்பு எண்கள் எழுதும் படிவத்தைச் சிகிச்சை முடிந்த அன்றைக்கு நிரப்பியவளே அவள்தான். அம்மாவின் எண் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது அவளுடைய இன்னொரு சிம். அப்பா எண் சரியானதுதான். ஆனால் அந்தத் தொழிற்சாலையில் காலையில் நுழையும்போதே ஃபோனை வாசல் கேட்டில் ஒப்படைத்துவிட வேண்டும். பகலெல்லாம் அது ஒரு மரப்பெட்டிக்குள் தனியாக அடித்துக்கொண்டிருக்கும்.

லலிதா ஆன்ட்டி கூப்பிட்டார். முதல் தடவை ஒரு கிழவர் குரலில் தெலுங்கில், "இது ஃபயர் ஸ்டேஷன் அம்மா, எங்க தீப்பிடிச்சிருக்கு?" என்று கேட்டாள். இரண்டாம் தடவை அவளே அவளுடைய சித்தியாகி, "ஹர்ஷிதா துபாய் போயிட்டா" என்றாள். மூன்றாம் தடவை, நவம்பர் முதல் வாரத்தில், வாய்க்கு வந்தது வந்துவிட்டது.

"ஹர்ஷிதா இறந்துட்டா மேடம்."

அந்தப் பக்கம் பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"எப்போ?" என்றார் லலிதா ஆன்ட்டி.

"நேத்து."

"எத்தனை மணிக்கு?"

"அது... ராகு காலம் முடிஞ்சதும்."

"பொறுப்பான பொண்ணு. சரி, செத்தவளைக் கூப்பிடு. அவளுக்கு ஒரு வேலை இருக்கு."

வேலை இதுதான். சிகிச்சை முடிந்த பிள்ளைகள் கூடும் விழாவுக்கு மலர் ஒன்று போடுகிறார்களாம். அதில் வார்டு ஊழியர்களைப் பற்றி ஒரு வாழ்க்கைச் சித்திரம் வேண்டுமாம். "என்னைப் பத்தி எழுத ஆள் இல்ல. நீ ஒரு வாய்க்கொழுப்பு பிடிச்ச கழுதை, நல்லா எழுதுவே. மூணு நாள் வா. ஸ்கேன் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

வராமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த அறையில்தான் ரிஜிஸ்டர் இருக்கிறது. தன் பெயர் இன்னும் பத்திரமாகப் ‘பதினைந்துக்குக் கீழ்’ பக்கத்தில் இருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

முதல் நாள் வெள்ளிக்கிழமை. ஓப்பன் ஸ்கூலில் சந்தேகம் கேட்கும் வகுப்பு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, காஞ்சன்பாக்கிலிருந்து இரண்டு பஸ் மாறி, மாதாப்பூர் டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் ஆபீஸ் கேப்களின் பின்புறத்தைப் படித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"எழுது," என்றார் லலிதா ஆன்ட்டி. "பேரு லலிதா. தொழில் தொல்லை."

"பிறந்த தேதி?"

"ஜூன் ஒண்ணு."

"நெஜம்மாவா?"

"லாலாகூடா ரயில்வே ஸ்கூல்ல எங்க க்ளாஸ்ல இருபத்திரண்டு பேருக்கு ஜூன் ஒண்ணுதான் பொறந்த நாள். ஹெட்மாஸ்டர் ஒரே நாள்ல அத்தனை பிரசவமும் பாத்தாரு."

"அப்ப உண்மையான தேதி?"

"எங்கப்பா நடேசன், ரயில்வே கேரியேஜ் ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டர். ஜோலார்பேட்டைக்காரர். நான் பொறந்தப்போ ஷிஃப்ட்ல இருந்தேன்னு சொல்வார். எந்த ஷிஃப்ட்டுன்னு கேட்டா அம்மாவைக் கேளுன்னுவார். அம்மா, வெயில் காலம்டி, ஃபேன் ஓடலன்னுவா. இதை வெச்சு நான் எந்த ராசின்னு நீயே பாத்துச் சொல்லு."

அதனால்தானோ என்னவோ, சர்டிஃபிகேட் என்ற காகிதத்தின் மேல் அவருக்குத் துளியும் மரியாதை இல்லை. பழைய நகரத்து முஸ்லிம் அம்மாக்களிடம் எந்த ரம்ஜானுக்குப் பக்கத்தில் பிறந்தான் என்று கேட்பாராம். தெலுங்குக்காரர்களிடம் முதல் தலைமுடி இறக்கியது எந்தத் திருப்பதி பயணத்தில் என்று பிடிப்பாராம். தமிழ்க்காரர்களிடம் ஜாதக நோட்டு.

"நம்மாளுங்க கவர்ன்மென்ட்டுகிட்ட கூசாம பொய் சொல்வாங்க," என்றார். "சனீஸ்வரன்கிட்ட சொல்ல மாட்டாங்க."

ஹர்ஷிதாவின் பேனா அந்த இடத்தில் மை கக்கிவிட்டது. அப்படித்தான் அவள் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்கு வருமுன் அவர் மாதாப்பூரில் ஒரு மொபைல் கம்பெனியின் கால் சென்டரில் ஒன்பது வருடம் இருந்திருக்கிறார். கனெக்‌ஷன் வேண்டாம், வேறு கம்பெனிக்குப் போகிறேன் என்பவர்களைப் பேசிப் பேசிப் போகவிடாமல் நிறுத்துவது அவர் பிரிவு. "அங்கயும் போறவங்களைப் பிடிச்சு வைக்கிறதுதான். இங்கயும் அதேதான். இங்க கஸ்டமருக்கு வயசு கம்மி, அவ்வளவுதான் வித்தியாசம்." கணவர் கோவிந்தராஜன் மௌலாலி லோகோ ஷெட்டில் வேலை பார்க்கிறார். பேச்சு முழுவதையும் பகலிலேயே செலவழித்துவிட்டு வீட்டுக்குப் போகும் மனைவியோடு இருபத்தைந்து வருடமாக அமைதியாக வாழ்கிறார். மெட்டுகூடா வீட்டில் ஃபோன் அடித்தால் லலிதா ஆன்ட்டி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். கோவிந்தராஜன் எடுத்து, "அவ இல்ல" என்பார்.

இரண்டாம் நாள், திங்கட்கிழமை, ஹர்ஷிதா ஓரமாக உட்கார்ந்து அவர் கூப்பிடுவதை வேடிக்கை பார்த்தாள். காலையிலிருந்து பதினெட்டு பேர். ஒருத்தி நர்ஸிங் படிக்கிறாள். ஒருவன் ஃபோனை எடுத்து, "ஹவ் மேடம், ஜிந்தா ஹூம், லேகின் எக்ஸாம் ஹை, மர்ஜாவுங்கா" என்றான்; உயிரோடுதான் இருக்கிறானாம், பரீட்சையில்தான் சாகப்போகிறானாம். ரிஜிஸ்டரில் ‘நலம், பரீட்சை’ என்று எழுதினார். எழுதும்போதெல்லாம் ரிஜிஸ்டரின் அட்டையை ஹர்ஷிதாவின் பக்கம் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். கழுத்தை எவ்வளவு நீட்டினாலும் அட்டையில் ஒட்டியிருந்த பிள்ளையார்தான் தெரிந்தார்.

பதினொன்றரை மணிக்கு அவர் ரிஜிஸ்டரை மூடி வைத்துவிட்டு ஒரு நம்பரைப் பார்க்காமலே அழுத்தினார். தெலுங்கில், "நாகம்மா, லலிதா பேசறேன்" என்று ஆரம்பித்தார். என்ன சமையல் என்று கேட்டார். மூட்டுவலி கேட்டார். பிறகு, "கிரிக்குப் பிடிச்ச அந்தக் கத்தரிக்காய் இன்னும் காய்க்குதா?" என்றார். அந்தப் பக்கத்துக் குரல் நிறையப் பேசியது. லலிதா ஆன்ட்டி ம் கொட்டிக்கொண்டே பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். வைத்த பிறகு ரிஜிஸ்டரைத் திறக்கவில்லை.

"எழுதலையா ஆன்ட்டி?"

"எழுத ஒண்ணும் இல்ல. கிரி போய் நாலு வருஷம் ஆச்சு."

"அப்புறம் எதுக்குக் கூப்பிடறீங்க?"

"முதல் வருஷம் லிஸ்ட்லருந்து பேரை எடுக்காம தப்பா கூப்பிட்டுட்டேன். ஃபோனை வெக்கப் போனேன். நாகம்மா, என் பையன் பேரைச் சொல்லி என்கிட்ட கேக்கறது இப்ப நீ ஒருத்திதான், அடுத்த வருஷமும் கூப்பிடுன்னுட்டா. அதான்." பேனாவை மேசையில் போட்டார். "இதை மலர்ல எழுதாதே. எழுதினா கையை ஒடிப்பேன்."

ஹர்ஷிதா தன் நோட்டில் ஏற்கெனவே எழுதியிருந்த கத்தரிக்காயை அடித்தாள்.

"கிரி எந்தப் பக்கம் ஆன்ட்டி?"

"எந்தப் பக்கம்னா?"

"பதினஞ்சுக்குக் கீழயா மேலயா?"

லலிதா ஆன்ட்டி அவளை நிமிர்ந்து பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்றால், கம்ப்யூட்டர் திரையே அணைந்துவிட்டது.

"அவனுக்கு எட்டு வயசுடி," என்றார்.

திரும்பிப் போகும் பஸ்ஸில் அந்த எட்டு அவளோடு உட்கார்ந்து வந்தது. எட்டு வயதுக்காரனிடமே நோய் பரிதாபப்படவில்லை என்றால், பொய்யாகப் பதிமூன்று சொன்னவளிடம் எதற்குப் பரிதாபப்படும்? சித்தாந்தத்தில் எங்கோ ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டையை அடைக்க ஒரே வழி ரிஜிஸ்டரைப் பார்ப்பதுதான். தன் பெயர் கீழ்ப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டால் மறுபடியும் நம்பிக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. காலை வேளையில், "தண்ணி பிடிச்சுட்டு வரேன், ஃபோன் அடிச்சா எடுக்காதே, யாரையாவது சாகடிச்சுடுவே" என்று சொல்லிவிட்டு லலிதா ஆன்ட்டி பாட்டிலோடு வெளியே போனார். கதவு சாத்திய சத்தம் அடங்குவதற்குள் ஹர்ஷிதா ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்துவிட்டாள்.

ஹாட்ஜ்கினுக்கு ஒரு நீல ஒட்டுச்சீட்டு. ‘பதினைந்துக்குக் கீழ்.’ 2023. ஜனவரியில் இரண்டு பேர், பிப்ரவரியில் ஒருவன், மார்ச்சில் மூன்று பேர். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். கீழிருந்து மேலே போனாள். அவள் பெயர் இல்லை. ஏப்ரலைப் பார்த்தாள், அங்கேயும் இல்லை. செத்துவிட்டதாகச் சொன்னதை நிஜமாகவே எழுதி எடுத்துவிட்டாரோ என்று அடித்த வரிகளைத் தேடினாள்.

பக்கங்களைத் தள்ளினாள். சிவப்பு ஒட்டுச்சீட்டு. ‘பதினைந்துக்கு மேல்.’ 2023 மார்ச், இரண்டாவது வரி. ஹர்ஷிதா, தகப்பனார் கிருஷ்ணமூர்த்தி, காஞ்சன்பாக். வயது: பதினைந்து, இரண்டு மாதம். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. மேல் வரியும் கீழ் வரியும் எழுதிய அதே பழைய நீல மை. பக்கத்தில் ஒவ்வொரு ஃபோனுக்கும் ஒரு குறிப்பு. ‘நலம்.’ ‘நலம், வாய் அதிகம்.’ ‘நலம்.’ ‘நலம், ஃபயர் ஸ்டேஷன்.’ ‘துபாய்.’ கடைசியாக, ‘செத்துவிட்டாளாம். நலம்.’

"தேடினது கிடைச்சுதா?"

லலிதா ஆன்ட்டி கதவருகே நின்றிருந்தார். பாட்டிலில் தண்ணீர் பிடிக்கவே இல்லை.

ஹர்ஷிதாவுக்குப் பொய் எதுவும் தோன்றவில்லை. "இதை யார் மாத்தினது?" என்றாள்.

"யாரும் மாத்தல. மொத நாளே அங்கதான் இருக்கே. உங்கப்பா சர்டிஃபிகேட்டைக் கொடுத்துட்டு வண்டியை நிழல்ல விடப் போனார். உங்கம்மா திரும்பி ஓடி வந்தாங்க. ‘ஜாதகப்படி பதினஞ்சு ஆயிடுத்து மேடம், கொழந்தைக்கு மருந்து கொடுக்கறச்சே தப்பாயிடக் கூடாது, அவர்ட்ட மட்டும் சொல்லாதேங்கோ’ன்னாங்க. நான் டாக்டர்கிட்ட சொன்னேன், உன் கேஸ் ஷீட்லயே எழுதிக்கிட்டார்."

"அம்மாவா? அம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"நீ உங்கம்மாகிட்ட எத்தனை வார்த்தை சொன்னே?"

ஹர்ஷிதா மறுபடியும் பக்கத்தைப் பார்த்தாள். "அப்ப ரெண்டரை வருஷமா நான் மேல் பக்கத்துலயா இருந்தேன்?"

"ஆமா. மேல் பக்கத்துல உக்காந்துகிட்டு சிப்ஸ் தின்னுக்கிட்டு, என் உயிரை வாங்கிக்கிட்டு, ஜம்முனு இருந்தே."

"மேல இருக்கறவங்க ஏன் ஆன்ட்டி பின்தங்கறாங்க?"

"டாக்டரைக் கேளு, பத்து காரணம் சொல்வார். நோயே கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்பார், லேட்டா வராங்கம்பார். எனக்கு ஃபோன்ல தெரியறது ஒண்ணுதான். சின்னதுங்களை அம்மாக்காரி காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்துடுவா. பெரிசுங்க கழுத்தைத் துணியால மூடிக்கிட்டு துபாய் போயிடுங்க."

"எனக்குக் கழுத்துல ஒண்ணும் இல்ல."

"தெரியுமா, நம்பிக்கையா?"

இரண்டு மாதமாக அவள் கழுத்தைத் தொட்டே பார்க்கவில்லை. குளிக்கும்போதுகூட அந்தப் பக்கம் சோப்பை வேகமாக ஓட்டிவிடுவாள்.

கதவு மறுபடியும் திறந்தது. அம்மா மாதங்கி, கையில் ஆஸ்பத்திரி ஃபைல், அதற்கு மேல் மஞ்சள் நோட்டு. அழுதிருந்தாள், ஆனால் கோபமாக இருப்பதுபோல் நின்றிருந்தாள்.

"சந்தேகம் கேக்கற க்ளாஸாடி இது? கார்த்தால டிஃபன் வேண்டாம், வயிறு சரியில்லன்னு சொல்லிட்டுத்தானே கிளம்பினே? நல்லதாப் போச்சு. பதினோரு மணிக்கு ஸ்கேன், வெறும் வயித்தோடதான் வரணுமாம். வா."

"உனக்கு எப்படிம்மா..."

"உங்கப்பா ஃபோனை வாங்கி வைக்கற கேட்ல ஒரு லேண்ட்லைன் இருக்கு," என்றார் லலிதா ஆன்ட்டி. "பெரிய பாதுகாப்பு. செக்யூரிட்டி ஆபீசர் நாலு நாள் என்கிட்ட பேசினதுக்கப்புறம் உங்கம்மா நம்பரைத் தானே தேடிக் கொடுத்தார். பாவம், இனிமே அந்த லைனைக் கண்டாலே பயப்படுவார்."

காரிடாரில் டாக்டர் பத்ரி எதிரே வந்தார். தப்பிக்கக் கடைசி வழியாக ஹர்ஷிதா, "டாக்டர், நான் விழா மலருக்கு ஆன்ட்டியைப் பத்தி எழுதிட்டிருக்கேன், இன்னும் முடியல" என்றாள்.

"விழா மலரா?" என்றார் டாக்டர் பத்ரி. "எந்த விழா?"

லலிதா ஆன்ட்டி லிஃப்ட் பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கேன் அறையில் இருந்த டெக்னீஷியன் பெயரைக் கேட்டுவிட்டு, "உமர்?" என்று உருதுவில் வயதைக் கேட்டார். ஹர்ஷிதா அம்மாவைப் பார்த்தாள். அம்மா மஞ்சள் நோட்டைக் கையில் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். சர்டிஃபிகேட் வயதை நாக்கு தானாகவே உருட்டிக்கொண்டு வந்தது. அதை விழுங்கினாள்.

"பதினேழு," என்றாள். தெலுங்கிலும் ஒரு தடவை சொன்னாள், சந்தேகமே வேண்டாம் என்று. கூரை இடிந்து விழவில்லை. அவர் பதினேழு என்று எழுதிக்கொண்டு ஊசியை எடுத்தார். மருந்து உடம்பில் பரவ ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை அசையாமல், பேசாமல் படுத்திருக்க வேண்டும் என்றார். ஹர்ஷிதாவின் வாழ்க்கையில் எந்த வைத்தியமும் இவ்வளவு கொடுமையாக இருந்ததில்லை.

புதன்கிழமை முழுவதும் ஃபோன் வரவில்லை. அப்பாவிடம் அம்மா என்ன சொன்னாளோ, அவர் சாயங்காலம் வந்து பழைய மூன்றாம் பரிசுக் கோப்பையை எடுத்துத் துடைத்துவிட்டு, அதே இடத்தில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஃபோன் அடித்தது. முதல் மணி முழுசாக அடித்து முடிப்பதற்குள் ஹர்ஷிதா எடுத்துவிட்டாள்.

"ரிப்போர்ட் வந்தாச்சு," என்றார் லலிதா ஆன்ட்டி. "ஒண்ணும் இல்ல. கழுத்து, நெஞ்சு, வயிறு, எல்லாம் சுத்தமா இருக்கு. டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டார். இனிமே நீ எங்கிட்டயிருந்து தப்பிக்கணும்னா நூறு வயசு வரைக்கும் ஓடணும். கேக்குதா?"

"ம்."

"என்னடி, குரலே வரல? ஃபயர் ஸ்டேஷன்ல இன்னைக்கு லீவா?"

ஹர்ஷிதா ஏதாவது ஒரு குரலில் பேசலாம் என்று பார்த்தாள். கிழவரும் வரவில்லை, சித்தியும் வரவில்லை. மூக்கு மட்டும் சத்தமாக உறிஞ்சியது.

"அழறியா?"

"நஹி ஆன்ட்டி, அழுகையெல்லாம் ஒண்ணும் இல்ல. அம்மாவுக்கு ஹெல்ப் பண்றேன். வெங்காயம் நறுக்கிட்டிருக்கேன், அதான்."

அந்தப் பக்கம் நாள்காட்டித் தாள் சரசரக்கும் சத்தம் கேட்டது.

"இன்னைக்கு அமாவாசைடி," என்றார் லலிதா ஆன்ட்டி. "உங்கம்மா வெங்காயத்தை வாசப்படி தாண்ட விட்டாங்களா?"